மறுபடியும் ஒருதரம்

கொளஞ்சியம்மாள் பேசிக்கொண்டிருக்கும்போதே காமிராவின் கிர்ரென்ற சத்தம் நின்றுபோனது. பிலிம் தீர்ந்துவிட்டது. அது அவளுக்குத் தெரியவில்லை.

"படத்துக்காவ கம்பெனி வாசலாண்ட கோஷம் போடச் சொன்னாங்க. எங்க வூட்டுக்காரரு முன்னால நின்னு கையத் தூக்குனாரு. மறுநாளு உள்ள வுடல. அதுலேருந்து ஒரு பீங்கான் கம்பெனியிலயும் சேக்கல. அந்த வெள்ளக்காரரு அப்புறம் எட்டிக்கூடப் பாக்கல."

அந்த வெள்ளைக்காரர் ஹார்டிங். தொழிலாளர் பக்கம் நின்று படமெடுப்பவர் என்று அவருடைய நாட்டில் பெயர். அறுபத்தொன்பதில் விருத்தாசலத்துக்கு வந்து போனார். இப்போது அவரைப் பற்றியே ஒரு படமெடுக்க லண்டனிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் வாசுகியை, பி.எஸ்ஸி. படித்த பெண் என்று அவர்களுக்கு மொழிபெயர்க்க ஆபீசில் அனுப்பியிருந்தார்கள். தமிழிலேயே அவளுக்குக் குரல் எழும்பாது.

புது பிலிமை மாட்டிவிட்டு, அதையே திரும்பச் சொல்லச் சொன்னார்கள்.

"அக்கா, மறுபடியும் ஒருதரம் சொல்லணுமாம்."

"ஏன், தப்பா சொல்லிட்டனா?"

"இல்லக்கா. பிலிமு தீந்துபோச்சு, அதான்."

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டுத் தங்கம்மாள் சிரித்தாள். "பவுடரப் பூசிக்கினு உக்காந்து, அவங்க ஆளயே அவங்ககிட்ட கொற சொன்னா? நல்லதா நாலு வார்த்த சொல்லுடி."

காமிரா ஓடத் தொடங்கியது. கொளஞ்சியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவுரு தங்கமான மனுசருங்க. எங்களமாரி ஏழைங்கன்னா அவுருக்கு உசுரு. நல்லா இருக்கணும்."

முன்பு சொன்னதும் இதுதானா என்று லண்டன்காரர்களில் ஒருவர் கேட்டார். இல்லை என்பதற்கான ஆங்கில வாக்கியம் வாசுகியின் தொண்டைவரை வந்தது. கொளஞ்சியம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவளைப்போல. வாசுகி தலையை மட்டும் அசைத்தாள். எப்படி அசைத்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்து, புருஷனையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். சாமிதுரை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே உள்ளேயிருந்து வந்தான். காமிராவைப் பார்த்தான். யாரும் கேட்காமலேயே, அன்றைக்கு ஹார்டிங் சொல்லிக்கொடுத்த மாதிரியே முஷ்டியை மடக்கிக் கையை உயர்த்தினான்.

"இன்னுங் கொஞ்சம் மேல தூக்கணுமா பொண்ணு?"

காமிரா ஓடிக்கொண்டிருந்தது. முழங்கை நடுங்கத் தொடங்கியும் அவன் கையை இறக்கவில்லை.