உள்ளே போனவர்கள்

நெஞ்சு எரிந்தபோதெல்லாம் மருந்து நெடி என்றுதான் நினைத்தேன். எம். புதுப்பட்டியில் பட்டாசுக்கு மருந்து அடைக்கிற எங்கள் எல்லோருக்கும் அதே நினைப்புதான். எரிந்தால் ஒரு வாழைப்பழம், அடங்காவிட்டால் ஒரு துண்டு கருப்பட்டி. அப்படியே சமாளித்தவள், ஒருநாள் கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது சுருண்டு விழுந்தேன்.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். கொழுப்பு குறைய இனி ஆயுசுக்கும் மாத்திரை என்றார் டாக்டர் சுகிர்தா. மாட்டேன் என்றேன்.

"நான் என்ன நெய்யிலயா குளிச்சேன்? கம்மங்கஞ்சி குடிக்கிற உடம்புல எங்கன இருந்து கொளுப்பு வந்துச்சு?"

மகள் முத்துச்செல்வி என் கையைக் கிள்ளினாள். டாக்டர் கோபப்படவில்லை.

"கொழுப்பு மட்டும் இல்ல ராக்காயிம்மா. அது குழாயோட சுவருக்குள்ள போய்ச் சிக்கிக்கிடும். அதை அப்புறப்படுத்த ரத்தத்துல இருக்கிற காவல் அணுக்கள் உள்ள போகும். கொழுப்பைத் தின்னு தின்னு ஊதி, வெளிய வர முடியாம அங்கனயே செத்துரும். செத்ததை எடுக்க இன்னும் கொஞ்சம் போகும். அதுவும் சாகும். இப்படிக் குவிஞ்சு வீங்கின எடம்தான் ஒருநாள் கிழியுது."

"போகச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்ல வேண்டாம். ஆபத்துன்னா அதுங்களே போயிரும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சில வருஷங்களுக்கு முன்பு என் வீட்டுக்காரர் சுந்தரபாண்டியையும் யாரும் போகச் சொல்லவில்லை. கம்பெனியில் மருந்து அறை வெடித்தபோது அவர் வெளியே, வேப்பமரத்தடியில், ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றார். வெடித்தால் ஓடு, திரும்பிப் பார்க்காதே என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். உள்ளே இரண்டு பேர் கத்தினார்கள். போனார். அவரைத் தூக்க இன்னொருவர் போனார். யாரும் திரும்பி வரவில்லை. ஊரே அவரைத் தெய்வம் என்றது. நான் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே உள்ளுக்குள் வைதேன். இன்றைக்கும் வைகிறேன். நல்ல மனுசன் என்பதற்காக நான் ஏன் மன்னிக்க வேண்டும்?

இப்போது என் ரத்தத்திலும் அதே புத்தி.

"உள்ள போனதுக திரும்பி வருமா டாக்டர்?"

"மாத்திரையால கொழுப்பு குறைஞ்சா, புதுசா போறது குறையும். போனதுல சிலது வெளிய வந்துருதுன்னு எலிகள்ல பாத்திருக்காங்க. மனுசங்க விஷயத்துல இன்னும் உறுதியாச் சொல்ல முடியல."

"அப்பக் குடுங்க."

முத்துச்செல்விக்கு உயிர் வந்தது. "வேலைய விட்டுட்டு எங்கூட சாத்தூருக்கு வந்துரும்மா."

"மாத்திரை திங்கேன். வேலைய விட மாட்டேன். உள்ள ஓடுறவனை மறிச்சு நிக்க அங்கன ஒருத்தி வேணாமா?"

டாக்டர் சம்மதித்த பிறகு, தீபாவளி சீசன் தொடங்கும்போது வேலைக்குப் போனேன். கதவோரத்து இடத்தைச் சண்டை போட்டு வாங்கினேன். காலைக் கஞ்சியோடு மாத்திரையை விழுங்கிவிட்டு, நெஞ்சில் கைவைத்து அதட்டினேன்.

"ஏலே, வெளிய வாங்க. நீங்க பாத்த வேலை போதும்."

பக்கத்தில் மருந்து அடைக்க உட்கார்ந்திருந்த முத்துமாரி திரும்பினாள். "யாரை வையிறீக, ராக்காயிக்கா?"

"உள்ள போனவகளைத்தான்." கஞ்சித் தூக்கை மூடினேன். "காதுல விழுற வரைக்கும் வைவேன்."