மைனா தூக்கிய முட்டைத் தட்டு

முட்டைக் கடைக்காரருக்கு மைனாவின் டீச்சர் என்றாலே ஆகாது. மைனா கடைக்காரரின் தங்கச்சி மகள், பதினாறு வயது. புத்தி மெதுவாக வளர்கிற பிள்ளை. நடையும் அப்படித்தான், சமதரையிலேயே தள்ளாடும். அவளைப் பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் கோட்டின் மேல் நடக்கவிடுகிறார்கள், ஒற்றைக்காலில் நிற்கவைக்கிறார்கள், பெரிய ரப்பர் பந்தின் மேல் உட்காரவைக்கிறார்கள். கேட்டால் பயிற்சியாம்.

"சர்க்கஸுக்கா அனுப்பப் போறாங்க?" என்று கேட்டவர் அவர்.

மைனாவுக்கு ஒரே ஆசைதான். வண்டியிலிருந்து இறக்குகிற முட்டைத் தட்டைத் தூக்கிவந்து அலமாரியில் வைக்க வேண்டும். இதுவரை தூக்கியதெல்லாம் தரையோடு போயிற்று. இன்னொரு தட்டு உடைந்தால் கடைப்பக்கமே வரக் கூடாது என்று மாமா கறாராகச் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு வண்டி வந்தபோது அந்த டீச்சர் பெண்ணும் வந்து நின்றாள்.

"மைனா கையில தட்டைக் குடுங்க சார். ஆனா நீங்க வாயைத் தொறக்கக் கூடாது."

"என் கடை, என் முட்டை, என் வாய். உன்னுது எதும்மா இதுல?"

"நீங்க 'பாத்து, பாத்து'ன்னு கத்துறீங்க. உடனே அவ உங்களைப் பாக்குறா. அப்பதான் கால் தடுக்குது."

கடை வாசலில் நின்ற தங்கச்சி சிரித்தாள். "நல்லா கேளுண்ணே. சின்ன வயசுல என்னையும் அப்படித்தானே சைக்கிள்லேருந்து விழவச்சே!"

அவர் முறைத்தார். தோள் துண்டைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டார்.

மைனா தட்டை வாங்கிக்கொண்டாள். கண் முட்டை மேலேயே இருந்தது. காலை அகட்டி அகட்டி வாத்து மாதிரி வந்தாள். வாசற்படியில் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மாமாவுக்குச் சத்தம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. துண்டைக் கடித்தார். அவள் நின்றாள், தானாகவே நிமிர்ந்தாள், படியேறினாள். தட்டு அலமாரிக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு முட்டைகூடக் கீறல் விடவில்லை.

மாமா துண்டை எடுத்தார். அதில் பல் பதிந்திருந்தது.

வெறுங்கையோடு திரும்பியவள் அதே படியில் தடுக்கி அவர் மேலேயே வந்து விழுந்தாள்.

"ஏண்டி, முட்டையோட ஒழுங்கா வந்தே, சும்மா நடக்க வரலையா?"

"சும்மா நடந்தா போரடிக்குது மாமா. தட்டு குடு."

அவர் டீச்சர் பக்கம் திரும்பினார். "அந்தப் பந்தை ஒருநாள் எடுத்துட்டு வாம்மா. அதுல என்னதான் இருக்குன்னு நானும் உக்காந்து பாக்குறேன்."

அடுத்த தட்டை மைனா கையில் கொடுத்துவிட்டு, யாரும் சொல்லாமலே துண்டை மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டார்.