மூன்றாம் தண்ணீர்

மேட்டுப்பாளையம் மின்விசிறிக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்த சனிக்கிழமை, சுலோசனாவுக்கு அம்மை கண்டு இருபத்தொரு நாள் ஆகியிருந்தது. கடிதம் இங்கிலீஷில் இருந்தது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த அவள் கணவன் ராமலிங்கம் எழுத்துக்கூட்டிப் படித்து, 'கெட் பேக் ஆன் மண்டே' என்ற இடத்தில் நின்றுவிட்டான்.

"பேக்னா பின்னாடி. வேலைய பின்னாடி வாங்கிக்கலாம்னு சொல்றானோ?"

"அதெல்லாம் இல்ல. டீ குடிச்சி முடிச்சதும் சூப்பர்வைசர் சக்கரபாணி தெனம் கைதட்டி சொல்றதுதான் அது. எந்திரிச்சி வந்த எடத்துக்கே திரும்பிப் போயி உக்காரணும். திங்கக்கெழம போவலன்னா எம் பதிலிக்கு வேலைய நெரந்தரமாக்கிடுவாங்க."

நான்கு வருடமாக அவள் விசிறி மோட்டாருக்குத் தாமிரக் கம்பி சுற்றிய இடம். இப்போது அங்கே பதிலியாக ஜெயம் என்ற பெண் உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் அம்மை கண்டவள் மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளாமல் வாசலைத் தாண்டக் கூடாது. இரண்டு ஆகிவிட்டது. மூன்றாவதற்கு நாள் பார்த்திருந்தபோது பங்காளி வீட்டில் ஒரு சாவு. பதினாறாம் நாள் கருமாதி முடிந்தால்தான் தீட்டுக் கழியும். அதற்கு இன்னும் ஒன்பது நாள் கிடந்தது.

"தீட்டோட ஊத்துனா ஆத்தா கோவிச்சுக்குவா" என்றாள் மாமியார் குஞ்சம்மாள்.

"மூணு வாரம் என்னக் காப்பாத்துனவ, ரெண்டு கொடம் தண்ணிக்கா கோவிச்சுக்கப் போறா அத்த?"

"ஒடம்பு எளைச்சுது, வாய் எளைக்கல பாரு."

சுலோசனா அண்டாவில் தண்ணீர் நிரப்பி, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு, தோட்டத்து வெயிலில் வைத்தாள். "யாரும் ஊத்தலன்னா நானே ஊத்திக்கிறேன்."

கல்யாணமாகி ஆறு வருடத்தில் ராமலிங்கம் தாய் சொல்லைத் தட்டியதில்லை. தண்ணீர் சூடேறும்வரை அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தான். சுலோசனா முதல் குடத்தைத் தூக்கியபோது மெலிந்த கைகளுக்கு அது தலைவரை எழும்பவில்லை. அவன் வந்து குடத்தை வாங்கிக்கொண்டான்.

"உக்காரு" என்றான்.

"நான் எதையும் பாக்கல" என்று குஞ்சம்மாள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

தலை ஈரம் சொட்டச் சொட்ட, சுலோசனா ஒரு தாளில் தானே எழுதினாள்: 'ஐ வில் கெட் பேக் ஆன் மண்டே.'

ராமலிங்கம் எட்டிப் பார்த்தான். "இவ்ளோதானா? கும்புடறேன் கீதுன்னு எதுவும் வேணாமா?"

"இது போதும். சைக்கிள எடு. ஷிப்டு முடியறதுக்குள்ள சக்கரபாணி கையில குடுத்துடு."

அவன் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து துண்டு ஒன்று அவள் மடியில் வந்து விழுந்தது. "தலைய நல்லா தொவட்டு. திங்கக்கெழம தும்மிக்கிட்டா போவே?"

திங்கட்கிழமை காலையில் சுலோசனா கம்பெனிக்குள் நுழைந்ததும் ஜெயம் எழுந்து நின்றாள்.

"நீங்க வரமாட்டீங்கன்னு சொன்னாங்கக்கா."

"சொல்றவங்க சொல்லுவாங்க."

சுலோசனா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தழும்பு விழுந்த விரல்களால் கம்பியின் முனையைப் பிடித்து முதல் சுற்றைச் சுற்றினாள்.