சரிபாதிக் குளியலறை

அச்சுவேலியில் நாகேஸ்வரி வீட்டுக் குளியலறை நாகேஸ்வரிக்குப் பாதிதான் சொந்தம். சீதன உறுதிப் பத்திரம் எழுதுவித்தபோது அப்பா வீட்டைப் பிரித்தார், கிணற்றைப் பிரித்தார், கடைசியில் குளிக்கிற அறையையும் விட்டுவைக்கவில்லை. கிழக்குப் பாதி மூத்தவள் மீனாம்பிகைக்கு, மேற்குப் பாதி இளையவள் நாகேஸ்வரிக்கு. ஆளுக்கொரு வாசல், நடுவில் பின்சுவரோடு ஒரு தண்ணீர்த் தொட்டி. மனிதர் கொஞ்சம் யோசித்திருக்கலாம். தண்ணீர் வெளியே போகிற ஓட்டை கிழக்குப் பாதியில் மட்டும் இருந்தது.

அக்காவும் தங்கையும் கதைத்துப் பதினொரு வருடம். ஒரு கலியாணப் படத்தில் தங்கையின் கொண்டை அக்காவின் முகத்தை மறைத்துவிட்டதாம். காலையில் அக்கா குளிப்பாள், பின்னேரம் தங்கை.

அறுபத்தெட்டாம் ஆண்டு ஆடியில் நாகேஸ்வரி பாசியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். கட்டுப் போட்ட டாக்குத்தர், "இன்னொருக்கால் விழுந்தால் இடுப்புத்தான்" என்றார். வயது ஐம்பத்தாறு. கணவனுக்குக் கொழும்பில் உத்தியோகம். படுத்துவிட்டால் தூக்கி இருத்த ஆளில்லை. விழாமல் குளிக்க வேண்டும், அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். மானிப்பாயிலிருந்து கட்டிட வேலைக் கொந்தராத்துக்காரர் ஏரம்புவைக் கூப்பிட்டாள்.

ஏரம்பு வந்ததும் தரையைப் பார்க்கவில்லை, உறுதியைக் கேட்டார். மூக்குக்கண்ணாடியைப் போட்டு இரண்டுதரம் வாசித்தார்.

"அம்மா, நான் உங்கடை பாதியைத்தான் தொடுவன். அங்காலை ஒரு சொட்டுச் சீமெந்து விழுந்தாலும் வழக்குத்தான்."

"அப்ப நடுவிலை ஒரு சுவரை வையுங்கோவன்."

"வைக்கலாம். ஒம்பது அங்குலச் சுவர். ஆரின்ரை பாதியிலை வைக்கிறது?"

நாகேஸ்வரி யோசித்தாள். அக்காவுக்காக ஒன்பது அங்குலத்தை இழப்பதா? தலைகீழாக நின்றாலும் நடக்காது.

"சுவர் வேண்டாம்."

ஏரம்பு நடுவில் நூல் கட்டி, மேற்குப் பாதியை மட்டும் இரண்டு அங்குலம் உயர்த்தி, சொரசொரப்பாகச் சீமெந்து போட்டுக் கொடுத்தார். தண்ணீர் நிற்கவில்லை. பாசியும் இல்லை. நாகேஸ்வரி ஒரு கிழமை பயமில்லாமல் குளித்தாள். அந்த ஒரு கிழமையும் அவளுடைய சவர்க்கார நுரைத் தண்ணீர் முழுவதும் அக்காவின் பாதியில் ஓடியது. அக்காவும் ஆள் பிடித்தாள். வந்தவர் ஏரம்பு.

"என்ன ஏரம்பண்ணை, அங்கையும் நீங்களே?"

"ஓம் அம்மா. உங்கடை பாதியிலை ஒரு சொட்டு விழுந்திருக்கோ, பாருங்கோ."

விழவில்லை. வேலையில் குறை சொல்ல முடியாத மனிதர்.

கிழக்கு நான்கு அங்குலம் உயர்ந்தது, ஓட்டையும் கூடவே உயர்ந்தது. இப்போது தண்ணீர் நாகேஸ்வரியின் பக்கம் தேங்கியது. பாசியும் திரும்பி வந்தது. அவள் ஆறு அங்குலம் உயர்த்தினாள். அக்கா எட்டு. பிறகு அங்குலக் கணக்குப் போய் அடிக் கணக்கு வந்தது. ஏரம்பு காலையில் இந்த வீட்டில் தேத்தண்ணி குடித்தார், பின்னேரம் அந்த வீட்டில் குடித்தார். முகத்தில் ஒரு களை வந்திருந்தது.

வருடம் திரும்பியபோது தரை நாலடிக்கு ஏறியிருந்தது. வாங்குப் பலகை போட்டு ஏறி, வாசலுக்குள் தவழ்ந்து போக வேண்டும். நிமிர்ந்தால் தலை கூரை ஓட்டில் முட்டும். இடுப்பளவாக இருந்த தொட்டி காலுக்குக் கீழே குழியாகிவிட்டது. முன்பு விழுந்தால் இடுப்பு மட்டும்தான் போயிருக்கும். நாகேஸ்வரிக்குக் குளிக்கிற நேரம் வந்தாலே அழுகை வந்தது. ஆனாலும் தரையை இறக்கச் சொல்ல மனம் வரவில்லை.

ஆவணியில் தொண்டைமானாற்றுச் சந்நிதிக் கோயிலில் கொடியேற்றம். இரண்டு பேரும் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஆகவே அன்று காலை, மார்புக்கு மேல் குறுக்குக்கட்டோடு, முதுகைத் திருப்பிக்கொண்டு, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குளித்தார்கள். வாளியால் அள்ளக் குனிந்த நாகேஸ்வரிக்குச் சவர்க்காரத்தில் கால் வழுக்கியது.

"ஐயோ, அக்கா!"

மீனாம்பிகை எட்டிக் கையைப் பிடித்து இழுத்தாள். ஒரு கால் தன் பாதியிலும் மறுகால் அக்காவின் பாதியிலுமாக நாகேஸ்வரி விழாமல் நின்றுவிட்டாள். எத்தனையோ வருடத்துக் கதையைச் சொல்ல வாய் திறந்தாள்.

மீனாம்பிகை கீழே பார்த்தாள்.

"காலை எடு. அது என்ரை பாதி."

நாகேஸ்வரி காலைத் தூக்கினாள். ஓட்டுக்குக் கீழே கூனிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள். அக்கா கையை விடவில்லை.