நர்ஸ் விட்ட எழுத்துப்பிழை

என் கணவர் ஸ்ரீஸ்கந்தராஜா லண்டனுக்கு வருமுன் ஆறு வருடம் ஆங்கில வாத்தியாராக இருந்தவர். இங்கே அவருக்குக் கிடைத்தது பெற்றோல் நிலையத்தில் கல்லாவில் நிற்கிற வேலை. ஆனாலும் சட்டைப் பையில் சிவப்புப் பேனை இல்லாமல் வெளிக்கிட மாட்டார். கடைப் பலகையில் ஓர் எழுத்து பிழையாக இருந்தால் போதும், அன்று முழுவதும் அதே கதைதான். அந்தப் பேனைதான் எங்கள் பிள்ளையை மறுபடி ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் பார்த்தது என்று இன்றைக்கும் நான் அவரைக் குத்திக் காட்டுவேன். மனுசன் மறுப்பதில்லை.

எண்பத்தேழாம் ஆண்டு ஜனவரி மாதம். லண்டனில் ஃபாரஸ்ட் கேட் என்ற பகுதியில் யேசுரட்ணம் அண்ணையின் வீட்டில், நிலத்துக்குக் கீழே இருந்த அறையில் குடியிருந்தோம். மேலே அவர், கீழே நாங்கள். தெருப்பக்கம் இரண்டு ஜன்னல்கள், மேலும் கீழும் இழுத்துத் திறக்கிற பழைய மர ஜன்னல்கள். அவற்றினூடாகப் பார்த்தால் போகிறவர்களின் கால்கள்தான் தெரியும். சப்பாத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கப் பழகியிருந்தேன். அந்த மாதம் பனி கொட்டியதில் சப்பாத்துகளும் மறைந்துபோயின.

மகள் வாகினிக்கு அப்போது நான்கு மாதம். நெஞ்சில் சளி கட்டி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்திருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று ஒன்பது நாள் பார்த்தவள் நான். இன்னொரு முறை அவளை அங்கே விட்டுவிட்டு வரச் சொன்னால் எனக்கு ஏலாது.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்க்கிற நர்ஸ், மிஸ் கோல்மன், வந்தார். இவர் ஷிப்டில் இருந்தார். நர்ஸ் பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தார். பிறகு ஜன்னலருகே போய்க் கையை விரித்து அங்குமிங்கும் ஆட்டிக் காட்டி என்னவோ சொன்னார். நான் "யெஸ், யெஸ்" என்றேன். என் யெஸ்ஸின் பெறுமதி அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். ஒரு கடதாசித் துண்டில் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

பின்னேரம் இவர் அதை வாசித்து எனக்குத் தமிழில் சொன்னார். அறையில் கடும் வறட்சி. ஜன்னல்களைக் கவனிக்க வேண்டும். அடுத்த செவ்வாய் திரும்பி வரும்போது இப்படியே இருந்தால் பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லி எழுத வேண்டி வரும்.

நான் பிள்ளையைத் தூக்கி அணைத்துக்கொண்டேன். இவரோ சிரித்துக்கொண்டே சிவப்புப் பேனையை எடுத்தார்.

"இஞ்சை பார் மலர், வெள்ளைக்காரியாய் இருந்தென்ன! வறட்சிக்கு ஸ்பெல்லிங் தெரியேல்லை. 'ஓ' வரவேண்டிய இடத்திலை 'ஏ' போட்டு வைச்சிருக்கிறா." வெட்டித் திருத்தி ஓரத்தில் ஒரு கோடும் போட்டார்.

"ஜன்னலாலை எப்பிடியப்பா வறட்சி வரும்?"

"ஹீற்றர் அறையைக் காய வைக்குது, பிள்ளைக்குத் தொண்டை காயுது. ஜன்னலுக்குக் கீழை தண்ணி வைக்க வேணும். படிச்ச மனுசி சும்மா எழுதுமே?"

ஸ்பெல்லிங் தெரியாத மனுசி ஒரு நிமிடத்தில் படித்த மனுசியாகிவிட்டார். இரண்டு பேசினில் தண்ணீர் நிரப்பி ஜன்னல்களுக்குக் கீழே வைத்தோம். அறைக்குக் குறுக்கே ஈரத் துவாய்களைத் தொங்கவிட்டோம். வியாழக்கிழமை சுவர்கள் வியர்த்துக் கொட்டின. காலையில் எழும்பிப் பார்த்தால் பேசின் தண்ணீரின் மேல் ஆடைபோல ஐஸ் படர்ந்திருந்தது. வாகினியின் இருமல் ஒரு படி ஏறியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பேசினை இவர் தலையில் கவிழ்த்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு, ஜன்னலோரத் தட்டில் இருந்த பிள்ளையார் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தினேன். பிள்ளை இருமுவாள் என்று ஆஸ்பத்திரியால் வந்த நாளிலிருந்து கொளுத்தாமலே இருந்தேன். அன்றைக்கு மனம் கேட்கவில்லை. புகை ஒரு சாண் உயரம் நேரே எழுந்தது. பிறகு யாரோ பிடித்து மடக்கியதுபோல வளைந்து, கட்டிலைப் பார்த்து ஓடியது. வாகினியின் தலைக்கு மேலே போய்த்தான் கலைந்தது.

 கும்பிட எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. இத்தனை நாளும் அறைக்குள் ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது; நாங்கள் பிள்ளையை அதற்குள்ளேயே கிடத்தியிருக்கிறோம். காற்றைக் கண்ணால் கண்டேன் என்று நான் சொன்னால் அது வெறும் பேச்சில்லை.

உடனே ஊதுபத்தியைத் தண்ணீரில் தோய்த்து அணைத்தேன். பழைய நூல் சேலையிலிருந்து ஓர் இழை உருவி விளக்குமாற்று ஈர்க்கின் நுனியில் கட்டினேன். அதைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் சட்டம் முழுவதும் போனேன். ஜன்னலின் மேல், கீழ்ப் பலகைகள் சந்திக்கிற இடத்தில் நூல் துடித்தது. ஜன்னலை இழுக்கிற கயிறு ஓடுகிற துளையில் கிடையாகவே நின்றது. சட்டத்துக்கும் செங்கல்லுக்கும் நடுவே மயிரளவு வெடிப்பு, அதிலும் ஆடியது. கண்ணுக்கே தெரியாத ஓட்டைகளை ஒன்றொன்றாக அந்த நூல் காட்டிக் கொடுத்தது. எண்ணிக்கொண்டு போனேன், பதினேழு.

இவர் வேலையால் வந்ததும் ஈர்க்கைக் கையில் கொடுத்தேன். ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தார். நேரே போய் அகராதியை எடுத்தார். அதில் 'ஏ' போட்ட சொல்லும் இருந்தது: drought அல்ல, draught. இடுக்குகளால் அறைக்குள் வருகிற குளிர்காற்று என்று போட்டிருந்தது.

"வீட்டுக்குள்ளை காத்து வாறதைக் குற்றமாய்ச் சொல்ல ஒரு சொல் இருக்குமெண்டு ஆர் கண்டது?" என்றார் மெதுவாக.

அவரிலும் பிழை சொல்ல முடியாது. வெக்கையில் பிறந்தவர்கள் நாங்கள். எங்களுக்குக் காற்று வராத வீடுதான் குறையுள்ள வீடு. இருந்தாலும் நான் விடவில்லை. "நர்சுக்கு எத்தனை மாக்ஸ் போடுவியள் வாத்தியார்?" என்று கேட்டேன். அவர் பேசின்களைத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றினார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதே வேலை. ஒரு பக்கம் ஒட்டுகிற ஸ்பொஞ்ச் பட்டி வாங்கிச் சட்டங்களின் விளிம்பில் ஒட்டினோம். கோதுமை மாவில் பசை காய்ச்சி, வெடிப்புகளில் கடதாசி நாடாக்களை அடைத்தோம். என் சேலையைக் கிழித்து நீளப் பையாகத் தைத்து, பழந்துணி திணித்து, ஜன்னலின் அடியில் படுக்கவைத்தோம். கடைசியாகக் கண்ணாடிக்கு மேலே பொலித்தீன் இழுத்துக் கட்டினோம். வெறி பிடித்த இவர், எதிர்ச்சுவரில் இருந்த துளைச்செங்கல்லையும் அடைக்கப் போனார். யேசுரட்ணம் அண்ணைதான் ஓடிவந்து தடுத்தார்.

"தம்பி, அதிலை கை வையாதையும்! அது வீடு மூச்சு விடுற இடம். அதையும் அடைச்சால் நீங்கள் மூண்டு பேரும் மூச்சு விடேலாது."

திங்கட்கிழமை நூல் அசையவில்லை. பதினேழு இடத்திலும் பிடித்தேன், தூக்குநூல்போல நேரே தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்போல் இருந்தது.

செவ்வாய் காலை மிஸ் கோல்மன் வந்தார். அன்று இவரும் வீட்டில் நின்றார். ஜன்னலருகே கையை ஆட்டினார். திரும்பவும் ஆட்டினார். சுவரில் வெப்பமானியைப் பிடித்துக் காத்திருந்து, பதினெட்டு டிகிரி, போதும் என்று இவரிடம் சொன்னார். பிறகு கட்டிலைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. விடிந்ததிலிருந்து வாகினி ஒருமுறைகூட இருமவில்லை. இருமல் இல்லை, சிணுங்கல் இல்லை, அசைவுகூட இல்லை. இரண்டு வாரமாக அந்த இருமலை வைத்துத்தான் பிள்ளை இருக்கிறாள் என்று அறிந்து பழகிவிட்டேன். 

ஈர்க்கை எடுத்து நூலை அவள் மூக்கடியில் பிடித்தேன்.  நூல் என் கையால் ஆடாதபடி மறுகையால் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன். நூல் நேரே நின்றது. பிறகு மெல்ல அப்பால் போனது. திரும்பி வந்தது. மீண்டும் போனது.

அந்த மூலையில் நூலை அசைக்க வேறு காற்று இல்லை. எல்லாவற்றையும் நாங்களே அடைத்திருந்தோம். மிஸ் கோல்மனும் குனிந்து மூச்சடக்கிப் பார்த்தார். பிறகு பிள்ளையின் பாதத்தைத் தொட்டு, இளஞ்சூடாக இருக்கிறது, ஆஸ்பத்திரி தேவையில்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அதை இவர் எனக்குத் தமிழில் சொன்னார். நான் அழுதுகொண்டே நூலைப் பிடித்திருந்தேன்.

"இஞ்சாருங்கோ, இந்தக் காத்துக்கு இங்கிலீசிலை என்ன சொல் இருக்கு?"

இவரின் கை வழக்கம்போலச் சட்டைப் பைக்குப் போனது. பேனையைத் தொட்டுவிட்டுச் சும்மா திரும்பி வந்தது.

"தெரியாது மலர்," என்றார். கலியாணம் கட்டி மூன்று வருடத்தில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை.