வேலி தாண்டாத புழுதி

பழைய அர்ரியாகா கட்டடத்தை இடித்து, செங்கல், இரும்பு, ஜன்னல் சட்டம் எல்லாம் லாரியேறிப் போன பிறகும், அதன் புழுதி மட்டும் மூன்று மாடியாக, படிக்கட்டும் பால்கனியுமாக, இருந்த இடத்திலேயே நின்றது. சாந்தா ரீத்தா நகரத்தின் நடுக்கடைவீதியில் அன்று நல்ல காற்று. எதிர்ப்புறம் பழச்சாறு விற்பவரின் குடை பறந்தது. புழுதிக் கட்டடத்தில் ஒரு துணுக்கும் அசையவில்லை. ஜனங்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பஸ் வந்ததும் ஏறிப் போனார்கள்.

இதற்கெல்லாம் காரணம் கம்பெனியின் நல்லெண்ணம்தான். நகர மையத்தைப் புதுப்பிக்க வந்த கம்பெனி, சுற்றுச்சூழலுக்கு ஒரு கீறலும் விழாது என்று சொல்லித்தான் அனுமதி வாங்கியது. அப்படிச் சொல்வதற்கென்றே ரெனாத்தா என்ற பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்திருந்தது. அவள் கெட்டிக்காரி, நல்லவளும்கூட. இடிக்கவே வேண்டாம், உள்ளே மராமத்து பார்த்தால் போதும், காற்றுக்கும் தண்ணீருக்கும் அதுதான் நல்லது என்று முதலிலேயே சொன்னாள். கம்பெனி எஞ்சினியர் இதுர்பே அவளை மனதாரப் பாராட்டிவிட்டு, சரி, இடிக்கும்போது புழுதி கிளம்பாமலிருக்க என்ன செய்யலாம் என்று கேட்டார்.

அதற்குள் மே மூன்றாம் தேதி வந்துவிட்டது. அன்று கொத்தனார்கள் வேலை நடக்கும் இடத்தின் உச்சியில் பூச்சுற்றிய சிலுவை நடுவார்கள். முதலாளி பன்றிக்கறி வறுத்துப் போட்டு, வெடி வெடித்து, வேண்டிய மட்டும் குடிக்கவும் கொடுக்க வேண்டும். எப்பேர்ப்பட்ட கஞ்சனும் மீறாத வழக்கம். இதுர்பே மீறினார். கறி வறுத்தால் புகை, வெடி வெடித்தால் சத்தம், இரண்டும் சுற்றுச்சூழலுக்குக் கேடு என்றார். அந்த வேலை முழுவதிலும் கம்பெனி நிஜமாகக் குறைத்த பாதிப்பு அது ஒன்றுதான்.

விருந்துக்குப் பதிலாகக் கம்பெனியின் உறுதிமொழியைச் சிலுவையடியில் பாதிரியார் வாசிப்பார் என்று ஏற்பாடு. "ஒரு சிட்டிகைப் புழுதிகூட இந்த வேலியைத் தாண்டாது" என்று அவர் வாசித்து முடித்ததும், வெறும் வயிற்றோடு நின்ற கொத்தனார்கள் வேறு என்ன செய்வதென்று தெரியாமல் "ஆமென்" என்றார்கள். பாதிரியார் தீர்த்தம் தெளித்தார்.

"கம்பெனி பேச்சை ஜெபமாக்கிட்டீங்களே, ஃபாதர்," என்றார் மேஸ்திரி காஸ்துலோ. "மேல இருக்கிறவரு இதையெல்லாம் விளையாட்டுன்னு எடுத்துக்க மாட்டாரு."

இடித்தபின் கம்பெனிக்கு முதலில் கொண்டாட்டம். புழுதியே கிளம்பாத இடிப்பு என்று தலைநகரில் பச்சை இலை பொறித்த கேடயம் கொடுத்தார்கள். பிறகு அஸ்திவாரம் தோண்டவேண்டி வந்தது. புழுதியை அள்ளி லாரியில் ஏற்றினால் வேலிவரை சமர்த்தாகப் போகும். அங்கிருந்து திரும்பித் தன் மாடிக்கே வந்து உட்காரும். குழாய் வைத்துப் பீய்ச்சினார்கள். தண்ணீர்தான் ஓடியது, அதுவும் தெளிவாக.

அந்த மூன்றாம் மாடியில் வருஷக்கணக்காக, பதினைந்து வயது நிறையும் பெண்களின் விழாவுக்கு வெள்ளை கவுன் தைத்தவள் டோனா எர்மினியா. கடைசியாகக் காலி செய்தவளும் அவள்தான். பஸ் போகாத மேட்டில் கம்பெனி காட்டிய வீட்டுக்கு அவளைத் தேடி ஒரு தாயும் வரவில்லை. கை சும்மா இருந்ததிலேயே பாவம், பாதியாகிப்போனாள். சேதி கேட்டு வந்தவள் வேலிக்குள் நுழைந்து படியில் கால் வைத்தாள். தாங்கியது. இதுர்பே வைத்தபோது இடுப்புவரை இறங்கியிருந்தார். மேலே அவள் அறை ஆணியடித்த பொத்தல்கூட மாறாமல் இருந்தது. சுவரில் கன்னத்தை வைத்து வாய்விட்டு அழுதாள். கன்னத்தில் ஒரு பொட்டும் ஒட்டவில்லை. மறுநாள் தையல் மெஷினோடு வந்துவிட்டாள்.

இதுர்பே ரெனாத்தாவை அனுப்பினார்.

"டோனா எர்மினியா, இது கட்டடம் இல்லீங்க, வெறும் புழுதி. நீங்க காலி பண்ணித்தான் ஆகணும்."

"கட்டடமே இல்லைன்னா எதைம்மா காலி பண்றது?"

"போலீஸோட வருவாங்க."

"வரட்டும், ஏறிப் பாக்கட்டும். நீ மூணு மாடி ஏறி வந்துட்டியே, கவனிச்சியா?"

ரெனாத்தா அப்போதுதான் தன் காலைப் பார்த்தாள். அந்த வாரமே வேலையை விட்டாள். கீழ்மாடியில் காலியாகக் கிடந்த ஓர் அறைக்குப் பெட்டியோடு வந்துவிட்டாள்.

அடுத்த மே மாதம் இதுர்பே விருந்து போட்டார். புகை கடைவீதி முழுக்கப் பரவியது, வெடிச்சத்தத்தில் நாய்கள் ஊரைவிட்டு ஓடின. சாப்பிட்டு முடியும்வரை பொறுத்திருந்து, போன வருஷம் கொத்தனார்கள் ஆமென் சொன்ன ஜெபத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி மேஸ்திரியிடம் கெஞ்சினார்.

"குடுத்ததைத் திருப்பி எடுத்துக்கன்னு அவருகிட்ட எப்படிங்க கேக்கிறது, எஞ்சினியரே? நாங்க அப்படி வளந்தவங்க இல்ல," என்றார் காஸ்துலோ. "கறி பிரமாதம். இன்னும் ரெண்டு துண்டு போடச் சொல்லுங்க."

கம்பெனி வேறு ஊரைப் புதுப்பிக்கப் போய்விட்டது. பழைய குடித்தனக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். நகராட்சி விளக்கும் தண்ணீரும் கொடுத்தது. எர்மினியாவின் வெள்ளைத் துணியில் இன்றுவரை அழுக்குப் பட்டதில்லை. திரும்பிவந்த புதிதில் மட்டும் ஒருநாள், பழக்கதோஷத்தில் வீட்டைப் பெருக்கப்போய், பக்கத்து அறைச் சுவர் முழங்கால் உயரத்துக்குக் கரைந்துவிட்டது. பதறிப்போய்க் கையாலேயே அள்ளி, தட்டித் தட்டி, பழையபடி வைத்தாள். இப்போது மூன்று மாடியிலும் துடைப்பம் கிடையாது. மற்றபடி ஒரு குறையும் இல்லை.