குதிகாலிலிருந்து முழங்கால் வரை

யூனிஸ் செருப்பைக் கழற்றிவிட்டு, ரங்கையாவின் கடை வாசலில் கிடந்த டைல்ஸ் மேல் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினாள். புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஏறி நின்றாள். கால் சர்ரென்று வழுக்கியது. நல்லவேளை, கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"இது ஆகாது. பளபளப்பெல்லாம் செவுத்துக்கு வெச்சிக்கலாம். தரைக்கு சொரசொரன்னு இருக்கணும்."

"ஏமண்டி டீச்சரம்மா, டைல்ஸ் மேல ஏறி நின்னு வாங்கற ஆளை இந்தச் சித்தூர்ல இப்பதான் பாக்கறேன்," என்றார் ரங்கையா. சிரித்துக்கொண்டே கோடு கோடாகக் கீறியிருந்த சாம்பல் நிற டைல்ஸை எடுத்து வைத்தார். அதிலும் தண்ணீர் ஊற்றி நின்று பார்த்தாள். கால் நகரவில்லை.

அவள் பயம் அவளுக்கு. இரண்டு மாதத்துக்கு முன் மழையில், தோட்டத்துக் கோடியில் இருக்கும் கக்கூஸுக்குப் போன நைனா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். வேலூரில் உள்ளே இரும்பு வைத்து அனுப்பினார்கள். இனி குத்துக்காலிட்டு உட்காரவே கூடாது என்றார் டாக்டர். அன்றிலிருந்து எல்லாம் படுக்கையில்தான். யூனிஸ் பெட்பேனை எடுத்து வரும்போதெல்லாம் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். சாப்பிட்டால்தானே அந்தத் தொல்லை என்று சாப்பாட்டையே குறைத்துவிட்டார். ஆள் பாதியாகிவிட்டார்.

அதனால்தான் இந்த அவசரம். படுக்கையறையை ஒட்டிய ஸ்டோர் ரூமில், நாற்காலி போல உட்காரும் கம்மோடு வைத்துவிட வேண்டும். ஆனால் நைனாவிடம் வாயைத் திறக்க முடியாது. ஜெபம் பண்ணும் வீட்டுக்குள் கக்கூஸா என்று வீட்டையே இரண்டாக்கிவிடுவார். நேற்று சுவரை இடித்தபோதுகூட, ஈரம் இறங்கியிருக்கிறது என்று பொய் சொல்லி வைத்திருந்தாள்.

பையிலிருந்து ஒரு சணல் நூலை எடுத்தாள். இரண்டு இடத்தில் முடிச்சு இருந்தது. நைனாவின் குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை. கடையில் இரண்டு கம்மோடு இருந்தன. ஒன்று இரண்டு விரல் உயரம் அதிகம். உட்கார்ந்தால் கால் தொங்கும். மற்றொன்றை மூன்று தரம் அளந்தாள். சரியாகவே இருந்தது. என்றாலும் நாலாவது தரம் அளந்துகொண்டிருந்தபோது, தம்பி இன்பசேகரன் சைக்கிளை வாசலில் தடாலென்று போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"அக்கா, வூட்டுக்கு வா. நைனா ஒரு மாதிரியா பேசிக்கினு இருக்காரு. காத்தாலேர்ந்து கஞ்சிகூட துன்னல. பாஸ்டர் ஐயாவை இட்டுக்கினு வாடான்றாரு."

"ஏன்டா, இன்னா ஆச்சி?"

"'விடியக்காலைல யூனிஸ் அளவு எடுத்துட்டா, இன்னும் எதுக்குடா கஞ்சி'ன்றாரு. இன்னா அளவுக்கா?"

யூனிஸ் அளப்பதை நிறுத்தினாள். கையிலிருந்த நூலைப் பார்த்தாள்.

நைனா அசரியா, பாகாலா ரயில்வேயில் முப்பது வருஷம் தச்சு வேலை பார்த்தவர். சபையில் யார் இறந்தாலும் பெட்டி அவர் கையால்தான். மறுநாள் மத்தியானத்துக்குள் அடக்கம் செய்ய வேண்டும். பலகை அறுத்து இழைத்து ஆணி அடிக்க நேரம் வேண்டாமா? அதனால் யாருக்காவது நாள் நெருங்கிவிட்டது என்று கேள்விப்பட்டால் முன்கூட்டியே பார்க்கப் போவார். ஊர்க்கதை பேசிக்கொண்டே, சணல் நூலைக் குதிகாலில் வைத்து உச்சந்தலைவரை ஒரே இழுப்பாக இழுத்துவிடுவார். படுத்திருப்பவர் கேட்டால், புதுக் கட்டில் ஒன்று செய்யலாம் என்று சொல்லுவார். படுத்திருப்பவரைத் தவிர வீட்டில் எல்லாருக்கும் விஷயம் தெரியும்.

அவருடைய ஆயுதப் பெட்டியிலிருந்தே, அதே நூலை எடுத்து, அவர் தூங்குகிறார் என்று நினைத்துக் குதிகாலில் வைத்திருக்கிறாள் இவள். இருபது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள்! அறிவு கெட்டவளே, அறிவு கெட்டவளே என்று தன்னைத் திட்டிக்கொண்டே சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

நைனா விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

"நைனா, நீ முழிச்சிக்கினா இருந்த?"

"நூலு குதிகால்ல பட்டதும் தெரிஞ்சிது. அசையாம படுத்துக்கினேன். உனக்கு சுளுவா இருக்கட்டும்னு."

யூனிஸ் உடைந்துபோனாள். "ஐயோ, அது பெட்டிக்கு இல்ல நைனா. கக்கூஸுக்கு. நாற்காலி மாதிரி உக்கார்ற கக்கூஸு. முழங்கால் வரைக்கும்தான அளந்தேன், யோசிச்சிப் பாரு."

அவர் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

"நான் கட்டிலுன்னு சொல்வேன். நீ கக்கூஸுன்ற. பரவால்ல, நல்லாத்தான் சொல்ற."

"பைபிள் மேல சத்தியமா நைனா..."

"அத்த இதுக்கு இழுக்காத. எனக்கு உம்மேல கோவம் ஒண்ணும் இல்லம்மா. நீதான பலகைக்குச் சொல்லணும்? தேக்கு கீக்குன்னு போவாத. மாம்பலகை போதும்."

கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்து வீட்டு ஞானசௌந்தரி நர்ஸ் வேலை பார்த்தவள். நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு யூனிஸைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "நாடி விட்டு விட்டு அடிக்குது யூனிஸ். பொழுது சாயற வரைக்கும் தாங்கறதே கஷ்டம்."

யூனிஸ் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். "போறது போகட்டும்க்கா. பெத்த பொண்ணே உசுரோட அளவெடுத்துட்டான்னு நெனச்சிக்கினு போகக்கூடாது. டேய் இன்பா, வாடா."

ரங்கையா மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையை மூடிக்கொண்டிருந்தார். "சாயங்காலம் பண்டில அனுப்பறேன் டீச்சரம்மா."

"இப்பவே வேணும். சாயங்காலம் எதுக்கும் ஆவாது."

அவள் முகத்தைப் பார்த்தவர் மூடிய கதவை மறுபடி திறந்தார். கம்மோடைத் தள்ளுவண்டியில் வைக்கோல் பரப்பி வைத்துக் கொடுத்தார். இன்பசேகரன் முன்னால் இழுக்க, யூனிஸ் பின்னால் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். பள்ளம் வரும்போதெல்லாம், உடைந்துவிடப் போகிறது என்று உயிர் போய் உயிர் வந்தது. எதிரே வந்த சபைப் பெண்கள் இரண்டுபேர் நின்று, "நைனாவுக்கு எப்படி இருக்குது டீச்சர்?" என்று கேட்டார்கள். "இருக்காரு," என்று சொல்லிக்கொண்டே வண்டியைத் தள்ளினாள். அவர்கள் வாய்மேல் கைவைத்து வண்டியைப் பார்த்தபடி நின்றார்கள்.

வீட்டில் ஞானசௌந்தரி ஆளனுப்பிப் பாஸ்டரை வரவழைத்திருந்தாள். கட்டிலருகே வேதாகமத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், கம்மோடு உள்ளே வருவதைக் கண்டு திகைத்தார். நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார்.

"நைனா, கண்ணத் தொறந்து பாரு. நைனா!"

மூன்று தரம் கூப்பிட்ட பிறகு திறந்தார். வைக்கோல் ஒட்டிக்கொண்டிருந்த அந்த வெள்ளைச் சாமானை வெகுநேரம் பார்த்தார். கையை நீட்டி, பலகையைத் தட்டிப் பார்ப்பது போல விரல் கணுவால் இரண்டு தட்டு தட்டினார்.

"இத்த எங்க வெக்கப் போற?"

"ஸ்டோர் ரூம்ல நைனா."

"வூட்டுக்குள்ளயா?" தலையைத் தூக்கப் பார்த்தார். "ஜெபம் பண்ற வூட்டுக்குள்ள... புத்தி கித்தி இருக்குதாடி ஒனக்கு? அதுலயும் வெள்ளை. அழுக்கு பட்டா பல்லை இளிக்கும். பச்சையில கிடைக்கலியா?"

இரண்டு மாதமாக அவர் யாரையும் திட்டியதில்லை. யூனிஸுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "கிடைக்கல நைனா," என்றாள்.

"உக்கார வெய்யி."

ஞானசௌந்தரி வேண்டாம் என்று கையை ஆட்டினாள். யூனிஸ் கேட்கவில்லை. வேட்டியோடும் போர்வையோடும் அப்படியே தூக்கி உட்கார வைத்தார்கள். இன்பசேகரன் பின்னால் மண்டியிட்டு அவரைத் தன் நெஞ்சில் தாங்கிக்கொண்டான். பாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நைனா குனிந்து தன் கால்களைப் பார்த்தார். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்திருந்தன. இடுப்பை லேசாக அசைத்தார்.

"நோவல," என்றார் ஆச்சரியமாக. பிறகு, "பசிக்குது யூனிஸ். கஞ்சி இருக்குதா?"

அவள் சமையலறைக்கு ஓடினாள். கஞ்சி ஆறி ஏடு படிந்திருந்தது. ஸ்டவ் பற்றவில்லை, மூன்று குச்சி வீணாயிற்று. பம்பை அடித்து, நாலாவது குச்சியில் பற்றவைத்து, உப்புப் போட்டுக் கலக்கிச் சுடவைத்தாள். டம்ளரில் ஊற்றி, வாயைச் சுட்டுவிடப் போகிறதே என்று ஊதிக்கொண்டே நடந்தாள்.

"மெதுவா வாக்கா," என்றான் இன்பசேகரன் அடங்கிய குரலில். "இப்பதான் தோள்ல சாஞ்சி தூங்கறாரு."

ஞானசௌந்தரி நாடி பார்த்துக்கொண்டிருந்த நைனாவின் கையை அவர் மடியில் மெல்ல வைத்துவிட்டு எழுந்தாள். பாஸ்டர் எழுந்து நின்றார்.

இன்பசேகரன் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். "அக்கா... கட்டில்ல படுக்க வெச்சிடலாமா?"

"இருக்கட்டும்டா. கொஞ்ச நேரம் உக்காந்திருக்கட்டும்," என்றாள் யூனிஸ். கஞ்சியை ஊதிக்கொண்டே நின்றாள்.